முட்டி வலி வந்த அம்மா நடக்கலாமா, உட்கார்ந்தே இருக்க வேண்டுமா?

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம்: அம்மாவுக்கு 58 வயது. கொஞ்சம் பருமன். இரண்டு வருடமாக இரண்டு முட்டியிலும் வலி, வலது பக்கம் அதிகம். எக்ஸ்ரே பார்த்து மூட்டுத் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவரை நடக்க விடுவதில்லை. கடைக்குப் போவதும் நின்றுவிட்டது. ஆனாலும் வலி கூடிக்கொண்டே போகிறது. வாக்கிங் போகலாமா, என்ன சாப்பிடலாம், முடக்கத்தான் கேட்குமா, மாத்திரையில்லாமல் பழக்கவழக்கத்திலேயே சமாளிக்க முடியுமா?

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான். முதலில் நேரடியான பதில்: நடக்கலாம். நடக்க வேண்டும். வலி கூடியதற்கு அவரை உட்கார வைத்ததே பெரிய காரணமாக இருக்கலாம்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மூட்டு வலி எல்லாம் ஒரே நோய் இல்லை. காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்து, இருபது நிமிடத்தில், நாலு நடை நடந்ததும் இளகிவிட்டால் அது பெரும்பாலும் தேய்மான வகை. ஒரு மணி நேரம் ஆகியும் இறுக்கம் விடவில்லை, விரல்களின் அடி மூட்டுகளும் மணிக்கட்டும் இரண்டு கையிலும் வீங்குகின்றன, சோர்வாகவும் இருக்கிறது என்றால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் அது. அதைப் பழக்கவழக்கத்தை மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியாது. வாதநோய் நிபுணரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்டிடம், சீக்கிரம் போக வேண்டும்; தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் மூட்டு கோணிப்போகும் வாய்ப்பு கூடும். அங்கே மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அது வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போட வேண்டியது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ராத்திரியில் திடீரென்று கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அது யூரிக் ஆசிட் தொந்தரவு. சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி தங்கலாம். 2006-ல் தமிழ்நாட்டில் அது பரவியபோது இதை அனுபவித்தவர்கள் பலர் இன்னும் அந்த வருடத்தைச் சொல்லிக் காட்டுவார்கள். காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கி, அசைக்கவே முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே சீழ் பிடித்திருக்கலாம்.

இவை எதுவும் இல்லை, தேய்மானம்தான் என்றால் மேலே படியுங்கள்.

வீட்டில் அவரை உட்கார வைத்தது அக்கறையில்தான். டயர் தேய்வது போல மூட்டும் ஓட ஓடத் தேயும், ஓட்டத்தைக் குறைத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்ற நினைப்பு. மூட்டு அப்படி வேலை செய்வதில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். பாரம் ஏறும்போது அது அமுங்கும், பாரம் இறங்கும்போது திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடந்தால்தான் அதற்குச் சாப்பாடு. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் பட்டினி.

இன்னொரு விஷயம் தொடைத் தசை. தொடையின் முன்பக்கம் இருக்கும் பெரிய தசைதான் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டியின் மேல் விழும் அதிர்வைத் தாங்குகிறது. வலிக்கிறது என்று நடப்பதைக் குறைத்தால் முதலில் மெலிவது அந்தத் தசை. அது மெலிந்தால் அதிர்வு நேராக மூட்டில் இறங்கும், வலி கூடும், இன்னும் நடக்க மாட்டார். உங்கள் அம்மாவின் இரண்டு தொடையையும் முட்டிக்கு ஒரு சாண் மேலே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது தொடை இடதை விட இளைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்தும் அதிகம் பயப்பட வேண்டாம். படத்தில் பயங்கரமாகத் தெரிகிற முட்டியோடு மலை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள், படம் சுமாராக இருக்கும்போதே படி ஏற முடியாதவர்களும் இருக்கிறார்கள். படத்தில் தெரிவதை மாற்ற முடியாது. தசையின் பலம், உடம்பின் எடை, மூட்டைப் பயன்படுத்தும் விதம் மூன்றையும் மாற்ற முடியும். டென்மார்க்கில் 2013 முதல் 'கிளாட்' என்ற பெயரில் ஒரு திட்டம் நடக்கிறது. முட்டி, இடுப்பு மூட்டு வலிக்காரர்களுக்கு நோயைப் பற்றி விளக்கிவிட்டு, மேற்பார்வையோடு 12 முறை உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். வலி குறைகிறது, வலி மாத்திரை குறைகிறது. பல நாடுகள் அதை எடுத்து நடத்துகின்றன.

சரி, என்ன பயிற்சி? மூன்று போதும்.

கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். ஒரு குளியல் துண்டை இறுக்கமாகச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியால் அந்தத் துண்டை நசுக்குகிற மாதிரி கீழே அழுத்த வேண்டும். அழுத்தும்போது தொடையில் கை வைத்துப் பாருங்கள், தசை கல் மாதிரி இறுக வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வரும். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். ரொம்ப வலியுள்ளவர்களும் முதல் நாளிலிருந்தே இதைச் செய்யலாம், மூட்டு அசைவதே இல்லை.

இரண்டாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, மற்ற காலை முட்டி மடங்காமல் ஒரு முழம் உயரம் தூக்கி, நிறுத்தி, மெதுவாக இறக்குவது. இறக்கும்போது தொப்பென்று போடக் கூடாது. மெதுவாக இறக்குவதில்தான் பாதிப் பலன் இருக்கிறது.

மூன்றாவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இது பயிற்சியாகவே தோன்றாது, ஆனால் எனக்கு ஒன்றை மட்டும் சொல்ல அனுமதி கொடுத்தால் இதைத்தான் சொல்வேன். பெரும்பாலானவர்கள் கையால் நாற்காலியை அழுத்தி, முதுகை நிமிர்த்தியபடியே எழப் பார்ப்பார்கள். மொத்த பாரமும் முட்டிச் சில்லில் விழும். அம்மாவை இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: நாற்காலியின் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மார்பை முன்னால் சாய்த்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்போது எழ வேண்டும். பாரம் பிட்டத் தசைக்கும் தொடைக்கும் போய்விடும். முதலில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கிய நாற்காலி. ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு தலையணை. அப்புறம் வெறும் நாற்காலி.

பயிற்சியின்போது லேசாக வலிப்பதில் தவறில்லை. வலித்தால் கெட்டுப்போகும் என்ற பயத்தில்தான் நிறையப் பேர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அளவு இதுதான்: இன்று செய்ததால் வந்த வலி நாளை இதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் சரியான அளவு. அதற்குப் பிறகும் வலித்தால், வீங்கினால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நிறுத்த வேண்டாம். பலன் தெரிய ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். இதை முதலிலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நடையைப் பொறுத்தவரை, ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை போதும். சமதளமான இடம், மொட்டை மாடி, பூங்கா, எதுவானாலும் சரி. தேய்ந்துபோன ரப்பர் செருப்பில் மட்டும் வேண்டாம். பின்னால் வார் வைத்த, அடி மெத்தென்றிருக்கும் செருப்பு அல்லது ஷூ. கூட ஒருவர் பேசிக்கொண்டே நடந்தால் அம்மா தொடர்ந்து போவார். தனியாகப் போகச் சொன்னால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்குள் மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. தரையில் உட்காருவது பாவம் இல்லை. முட்டி நன்றாக இருக்கிறவர்களுக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவது நல்ல பயிற்சியே. ஆனால் இப்போது வலி அதிகமாக இருக்கும் சமயத்தில், முழுதாக மடக்கிக் குந்துவதும் குந்தியபடியே வேலை செய்வதும் மூட்டின் மேல் பெரிய அழுத்தம் கொடுக்கும். அரிவாள்மணையில் காய் நறுக்குவதை மேசைக்கு மாற்றுங்கள். கீழே உட்கார்ந்து துணி துவைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் இனி நின்றுகொண்டோ ஸ்டூலில் உட்கார்ந்தோ நடக்கட்டும். வாசலில் கோலம் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பார். குந்தாமல், இடுப்பை மட்டும் வளைத்து நின்றபடி சின்னக் கோலமாகப் போடட்டும். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த, தான் எதற்கும் உதவாதவள் ஆகிவிட்டோம் என்று தோன்றிவிடும். அந்த மனநிலையில் வலியும் பெரிதாகத் தெரியும், இது உண்மை.

வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் அதுதான் முதல் செலவு. கட்ட வசதியில்லாதபோது, நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் ஸ்டூலை இந்தியன் டாய்லெட்டின் மேல் வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கடை, சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கிறது. பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் அடித்துவிடுங்கள்.

படி ஏறும்போது வலி குறைவான கால் முதலில், இறங்கும்போது வலி அதிகமான கால் முதலில். ஏறும்போது உடம்பைத் தூக்குவது மேலே வைத்த கால். இறங்கும்போது உடம்பைத் தாங்குவது மேலேயே நிற்கும் கால். உங்கள் அம்மாவுக்கு வலதில் வலி அதிகம் என்பதால், இடது காலால் ஏறி வலது காலை இறக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

கைத்தடி வைக்கச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் தூரமாக நடக்கும் நாட்களில் அது நிஜமாகவே பாரத்தைக் குறைக்கும். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், அதாவது உங்கள் அம்மாவுக்கு இடது கையில். கைகளைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் தடியின் உயரம். தாத்தா வைத்திருந்த தடியை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, அன்பில் நாமே செய்கிற கெடுதல். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது. அப்போதைக்குச் சுகமாக இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே படுத்தால் முட்டி லேசாக மடங்கிய நிலையிலேயே இறுகிப்போய், காலை முழுக்க நீட்ட முடியாமல் ஆகிவிடும். அப்புறம் நடையே கோணும். ஒருக்களித்துப் படுத்து இரண்டு முட்டிகளுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது எடை. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது என்று அமெரிக்காவில் மெசியர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2005-ல் அளந்து சொன்னார்கள். ஐந்து கிலோ குறைந்தால் அடிக்கு இருபது கிலோ. அதே குழு, பருமனும் முட்டி வலியும் உள்ள 454 பேரைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களை விட, உணவையும் குறைத்துப் பயிற்சியும் செய்தவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது.

நம் வீட்டுச் சாப்பாட்டில் எடை எங்கே ஏறுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஒரு ஓரத்தில் கொஞ்சமாகவும் இருப்பதில்தான். அதைத் திருப்புங்கள். காயும் கீரையும் பாதித் தட்டு, கூடவே பருப்போ முட்டையோ மீனோ, மிச்ச இடத்தில் சோறு. தசை வளரப் புரதம் வேண்டும். பயிற்சி செய்துவிட்டு ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டால் தசை எங்கிருந்து வரும்? ஒரு நாளைக்கு நாலு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், அதில் மட்டுமே ஏறக்குறைய 150 கலோரி வந்துவிடும். அங்கிருந்து தொடங்கலாம்.

முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடட்டும், நல்ல கீரை. பிரண்டைத் துவையலும் சரிதான், நாக்கு அரிக்காமல் இருக்க நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைக்க வேண்டும். ஆட்டுக்கால் சூப்பில் உள்ள ஜெலட்டின் நேராக முட்டியில் போய் ஒட்டிக்கொள்ளாது. வயிறு அதை மற்ற புரதத்தைப் போலவே செரித்துவிடும். ஆசைக்குக் குடிக்கலாம், மருந்தாக நம்பி மேலே மிதக்கும் கொழுப்போடு தினமும் குடித்து எடையை ஏற்றிக்கொள்ளக் கூடாது. உருளைக்கிழங்கு வாயு, தயிர் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அம்மா சாப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாமல் செய்துவிடாதீர்கள்.

பருப்பு சாப்பிட்டால் யூரிக் ஆசிட் ஏறும் என்பது யூரிக் ஆசிட் தொந்தரவு உள்ளவர்களுக்கே பெரிய அளவில் பொருந்தாது. அவர்கள் பார்க்க வேண்டியது மது, முக்கியமாக பீர், ஆட்டு ஈரல், குடல் மாதிரியானவை, மத்தி, நெத்திலி, இனிப்புக் குளிர்பானம். அம்மாவுக்கு வந்திருப்பது அது இல்லையே.

மூட்டுக்கு நல்லது என்று மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோசமைன் மாத்திரையைப் பற்றியும் பலர் கேட்பார்கள். 1,500-க்கும் மேற்பட்ட முட்டி வலிக்காரர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2006-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், மொத்தமாகப் பார்க்கும்போது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விட அது மேலாக இல்லை. அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு வாங்கலாம்.

வெந்நீர் ஒத்தடம் காலை நேர இறுக்கத்துக்கு நல்லது. திடீரென்று வீங்கிய நாளில் ஐஸை ஒரு துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். எண்ணெய் தேய்ப்பது சுகம் தரும், இதமாகத் தேய்க்கலாம். மூட்டைப் பிடித்து முறுக்கி 'சொடுக்கு எடுக்க' யாரையும் விடாதீர்கள்.

வலி தாங்காத நாளில் முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல். முட்டி தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நன்றாகவே வேலை செய்கிறது, உடம்புக்குள் குறைவாகத்தான் போகிறது. வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாரக்கணக்கில் போடுவது வேறு விஷயம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கெடுதல், ரத்த அழுத்தம் ஏறுவது எல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். பிரஷர், சர்க்கரை உள்ளவர் என்றால் இரட்டைக் கவனம்.

இதை விட எனக்குப் பயம் பெயரில்லாத பொட்டலப் பொடி, மாத்திரைகள்தான். 'மூன்றே நாளில் வலி பறந்துவிடும்' என்று கொடுப்பார்கள், உண்மையில் பறக்கவும் செய்யும். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். பல மாதம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அம்மா அப்படி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், பொட்டலத்தோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் சொல்வார்.

கடைசியாக ஆபரேஷன். முட்டிக்குள் சிறு குழாய் விட்டுச் 'சுத்தம் செய்வது' தேய்மான வலிக்கு உதவாது என்பது 2002-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் ஹூஸ்டனில் 180 பேரைப் பிரித்து, சிலருக்கு நிஜ ஆபரேஷனும் சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது வலியில் வித்தியாசம் இல்லை. மூட்டு மாற்று அறுவை அப்படியில்லை, தேவையானவர்களுக்கு அது பெரிய வரம். மூன்று, நாலு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, எடையும் கொஞ்சம் குறைத்த பிறகும், ராத்திரி தூக்கம் கெடுகிறது, தெருமுனை வரை கூடப் போக முடியவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்ச விலை நிர்ணயித்ததால் அந்தப் பாகத்தின் விலை அதிகம் குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பாகத்துக்கு எவ்வளவு, மற்றதுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். அங்கே போகும் நிலை வந்தாலும் இப்போது செய்யும் பயிற்சி வீணாகாது. தொடையில் பலத்தோடு போகிறவர்கள்தான் ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள்.

நாளைக் காலையில் துண்டுப் பயிற்சியோடு ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் கழித்து, காலை நேர இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்து என்ன கூட்டலாம் என்று சொல்கிறேன்.